குரும்பட்டித் தேரும் தகரக் கோச்சியும்

சென்ற ஆண்டு குடாநாட்டுப் பாடசாலை ஒன்றிலே மாணவர் கைப்பணிக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. ‘எமது பிரதேசத்தின் போக்குவரத்து’ என்பது பொருள். நடுவர்களாக அழைக்கப்பட்ட மூவருள் நாமும் ஒருவர். கட்டுமரம், மாட்டு வண்டில், தட்டிவான், விமானம் என்று பல மாதிரிகள் அங்கே இருந்தன. ஆயினும் எல்லாரையும் மறித்து நிறுத்தியவை, ஒரே மேசையிலே பக்கத்துப் பக்கமாக வைக்கப்பட்டிருந்த இரண்டு புகையிரத நிலையங்களே.

ஒன்று, பொருத்திக் கட்டும் பிளாஸ்ரிக் கட்டைகளாலானது. வெளிநாட்டிலுள்ள மாமனார் அனுப்பிய பெட்டிகளிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டியது. மேடையும் கூரையும் மணிக்கூடும் சமிக்ஞைக் கம்பமும் அளவெடுத்தாற்போல அமைந்திருந்தன. வண்டியோ பற்றரியின் வலுவினால் வட்டமான தண்டவாளத்திலே ஓயாது ஓடிக்கொண்டிருந்தது. மற்றையது, அதே வகுப்பு மாணவி ஒருத்தி மீன்ரின், தீப்பெட்டி, பால்மா ரின் மூடி, பனஞ்சிலாகை ஆகியவற்றைக் கொண்டு செய்தது. அது ஓடவில்லை, தள்ளினால் நகர்ந்தது. முதற் பரிசைக் கட்டை நிலையத்துக்கும் ஊக்கப் பரிசைத் தகர நிலையத்துக்கும் வழங்கினோம். தகர நிலையத்துக்குத் துல்லியம் என்ற பிரிவிலே இரண்டு புள்ளிகளையும் குறைத்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

அந்தத் தீர்ப்பு எம்மை விட்டுப் போகவில்லை. வீடு திரும்பிய பின்னரும், குழந்தையின் கையிலுள்ள வண்டிக்கு வரலாறு உண்டா என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அரண்மனைக்கும் போர்க்களத்துக்கும் வரலாறு எழுதியோர் அதற்கு எழுதவில்லை. எனினும் தமிழிலே அதன் சுவடு மிகப் பழையது.

குறுந்தொகையின் 61 ஆம் பாடலிலே தச்சன் செய்த சிறு குதிரை வண்டி ஒன்று வருகிறது. சிறுவர் அதிலே ஏறிச் செல்ல முடியாது. கையால் இழுத்து மகிழலாம். தும்பிசேர்கீரனார் இதனை உவமையாகவே கூறினார். ஆனால் உவமைக்கு வந்த பொருள் அன்று கேட்போர் யாவரும் கண்டறிந்ததாக இருந்திருக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படையிலும் ஏறி ஊராத நல்ல தேரை உருட்டிக் களைத்த புதல்வர்களைக் காண்கிறோம். அந்நூலைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையில் மற்றொரு காட்சியைத் தீட்டினார். உலர்கின்ற உணவைக் கொத்த வரும் கோழியை விரட்ட ஒரு பெண் தன் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அக்குழை சென்று விழுந்து, சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்புக்குச் சான்றாக இதனை வகுப்பிலே நாம் பலமுறை கற்பித்திருக்கிறோம். கோழிக்குப் பொன்னெறிந்த வீட்டின் முற்றத்துக்கு அந்தத் தேரைச் செய்து கொடுத்தவன் தன் பிள்ளைக்கு என்ன செய்து கொடுத்தான் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. நாமும் கேட்கத் தூண்டியதில்லை. தேர் உண்டு, உருட்டிய சிறுவனின் பொற்கழலும் உண்டு. தச்சனுக்குப் பெயர் இல்லை.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் சிறுதேருக்குத் தனிப் பருவமே வகுத்துவிட்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழிலே தேருக்கு இடமில்லை. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. மணலிலே சிறு வீடு கட்டியவர்கள் சிறுமியர். மாதிரி அமைக்கும் கலைக்குத் தமிழிலே முன்னோடிகளைத் தேடினால் அவர்களைத்தான் சொல்லவேண்டும். ஆனால் இலக்கணம் பருவம் வகுத்ததோ அதனைக் காலால் சிதைத்த சிறுவனுக்கு! கட்டியவளின் கெஞ்சலைப் பாடினர். கட்டிய திறனைப் பாடினாரில்லை.

இலக்கியத்துத் தேர் இப்படித் தச்சன் கையிலே பிறந்தது. யாழ்ப்பாணத்து ஏழைப் பிள்ளையின் தேர் அவ்வாறன்று; அது பிள்ளையின் கையிலேயே பிறந்தது. தென்னையின் அடியிலே உதிர்ந்து கிடக்கும் பிஞ்சுக் காயைக் குரும்பட்டி என்போம். தென்னோலையின் நடு நரம்பு ஈர்க்கு. இவ்விரண்டும் இருந்தாற் போதும். குரும்பட்டியிலே ஈர்க்கைக் குத்தி மற்றொரு குரும்பட்டியோடு இணைத்தால் ஒரு சட்டம் வரும். சட்டத்தின் மேற் சட்டமாக ஒடுக்கிக்கொண்டு போனால் தட்டுத் தட்டாக எழும்பும். உச்சியிலே ஒரு சிறு குரும்பட்டி கலசமாகும். அடியிலே நான்கு பெரியவை சில்லுகள். வாழைநாரை வடமாகக் கட்டி ஒழுங்கை நீளம் இழுத்துச் செல்லலாம். பிடிக்கவில்லையானால் கழற்றி வேறு தேர் செய்யலாம். ஒரே வகைத் துண்டுகள், ஒரே வகை இணைப்பு, எண்ணற்ற வடிவங்கள். பொருத்துக் கட்டையின் தத்துவம் இதுவன்றி வேறென்ன? வேறுபாடு ஒன்றுதான்: குரும்பட்டி வாடும். ஒரு கிழமைக்குமேல் எந்தத் தேரும் நிலைப்பதில்லை. ஆகவே பிள்ளை ஒவ்வொரு முறையும் புதிதாகவே தொடங்கவேண்டும்.

பிள்ளை எதனைக் காண்கிறதோ அதனைச் செய்யும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்ட மிகப் பெரிய வண்டி கோயிற்றேர். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அதனை ஒரே இடத்திலிருந்து காணவில்லை. சில பிள்ளைகள் தந்தையின் தோளிலிருந்து, வடத்தின் அருகிலே கண்டன. சில பிள்ளைகள் வீதிக்கு அப்பால், தூரத்திலே நின்று கண்டன. தாழ்த்தப்பட்டோரெனச் சமூகம் ஒதுக்கி வைத்த மக்களின் கை அந்த வடத்திலே படக்கூடாது என்பது விதியாக இருந்தது. மரத்தைத் தறித்தவனுக்கும், பாதையைச் செப்பனிட்டவனுக்கும், பந்தலுக்குத் தோரணம் கட்டியவனுக்கும் தேருக்கு முன்னால் இடமில்லை. அந்தப் பிள்ளைக்கு வடம் பிடிக்கக் கிடைத்த ஒரே தேர் குரும்பட்டித் தேர். அவன் ஒழுங்கையிலே அவனே தச்சன், அவனே பூசகர், அவனே வடம் பிடிப்போன். அந்தத் தேரை எந்த உரிமைகாரரும் வந்து மறித்ததில்லை.

இந்நிலையிலேதான் இரும்பு வண்டி வந்தது. இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27 அன்று கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. மலைநாட்டுக் கோப்பியை, பின்னர் தேயிலையை, துறைமுகத்துக்கு இறக்குவதே வெள்ளையர் பாதை அமைத்ததன் நோக்கம். தோட்டமில்லாத வடக்கு நெடுங்காலம் காத்திருந்தது. 1902 இலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது அது தெற்கோடு இணையவில்லை. ஒரு முனையிலே கடலும் மறு முனையிலே பற்றைக்காடுமாகக் குடாநாட்டுக்குள் மட்டும் ஓடிய வண்டி அது. 1905 ஓகஸ்ட் 1 முதல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்வண்டி வந்தது. பயணம் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். ஊர் அதற்குக் கோச்சி என்று பெயரிட்டது.

கோச்சி யாரை ஏற்றிச் சென்றது? கொழும்பிலே எழுதுவினைஞராக அமர்ந்த ஆங்கிலம் கற்ற இளைஞனை ஏற்றிச் சென்றது. மாத முடிவிலே அவன் அனுப்பிய பணம் ஊருக்கு வந்தது. மணியோடர்ப் பொருளாதாரம் என்று யாழ்ப்பாணத்தை ஏளனம் செய்வோர் அந்தப் பொருளாதாரம் தண்டவாளத்தின் மீதே கிடந்ததை மறந்துவிடுகின்றனர். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் கருவாடும் தெற்கே சென்றன. தென்னிலங்கைச் சந்திகள்தோறும் சுருட்டுக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்தவரும், அக்கடைகளிலே சாமான் கட்டிக் கொடுத்த கூலிப் பையன்களும் அதே வண்டியிலே சென்றனர். முதலாளி இரண்டாம் வகுப்பு, பையன் மூன்றாம் வகுப்பு. வகுப்புகள் அங்கும் இருந்தன. ஆனால் அவை காசினால் ஆன வகுப்புகள். ரிக்கற் விற்ற சாளரத்திலே எவரும் சாதி கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பு வாங்கிலே பக்கத்தில் இருப்பவன் எந்த ஊர், எந்தக் குறிச்சி என்று கேட்டறிய முற்பட்டவர்கள் உண்டு. அறிந்த பின்னும் எழுந்துபோக இடமில்லாதபடி பெட்டி நிறைந்திருந்தது!

இந்தியாவிலே பம்பாய்க்கும் தானாவுக்குமிடையே முதல் வண்டி ஓடிய 1853 ஆம் ஆண்டிலேயே, கார்ல் மார்க்ஸ் நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன் ஏட்டில் எழுதிய கட்டுரையொன்றில், புகையிரதத்தினால் உருவாகும் நவீன தொழில் சாதி நிற்பதற்கு ஆதாரமான பரம்பரைத் தொழிற் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்வு கூறினார். தோழர்கள் இதனைப் பெருமையோடு எடுத்துக் கூறுவர். எமக்கு அதிலே முழு உடன்பாடில்லை. பாதை வந்தது, தொழில் அந்த அளவுக்கு வரவில்லை. கரையவேண்டியது கரையவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் தண்டவாளம் மாவிட்டபுரத்தைக் கடந்துதான் காங்கேசன்துறையை அடைகிறது. முதல் வண்டி ஓடி அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின், 1968 இலே, அந்த மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஆலயப் பிரவேசத்துக்காகத் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தினர் போராடவேண்டியிருந்தது. மறித்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957 இலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டமும் இருந்தது, தண்டவாளமும் இருந்தது. வாயிலைத் திறக்க மனிதர்தாம் போய் நிற்கவேண்டியிருந்தது. மார்க்ஸ் இதனைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார். அதே கட்டுரையில், மக்களே தம் கையில் எடுத்துக்கொள்ளும் வரை புதிய சக்திகளின் பயன் அவர்களுக்குக் கிட்டாது என்ற கருத்தையும் அவர் கூறியிருக்கிறார்.

எனினும் பிள்ளைகள் பெரியவர்களை முந்திவிட்டார்கள். 1956 ஏப்ரிலிலே யாழ்தேவி விரைவு வண்டி ஓடத் தொடங்கியது; பதின்மூன்று மணிப் பயணம் ஏழு மணியளவுக்குச் சுருங்கியது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தோரைக் கேளுங்கள். தீப்பெட்டிகளை நூலிலே கோத்துக் கோச்சி விட்டதைச் சொல்வார்கள். மீன்ரின்களைக் கம்பியாற் கொளுவி, சோடா மூடியைச் சில்லாக்கி, முன்னாலே ஒரு பால்மா ரின்னைப் படுக்கவைத்து நீராவிக் கொதிகலம் என்றதைச் சொல்வார்கள். குரும்பட்டித் தேர் மறையவில்லை. அதன் பக்கத்திலே தகரக் கோச்சியும் ஓடியது. இரண்டுக்குமிடையில் ஒரு வேறுபாட்டை நாம் காண்கிறோம். தேர் ஒன்றுதான், அதனை ஒருவன் இழுப்பான், மற்றவர் பின்னே வருவர். கோச்சிக்கோ பெட்டிகள் வேண்டும். ஆளுக்கொரு ரின் கொண்டுவந்தால்தான் அது நீளும். எவன் வீட்டு ரின் என்று பார்த்தால் கோச்சி ஓடாது.

நிற்க. கண்காட்சி மேசையிலிருந்த மற்ற நிலையத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு. அதனையும் கூறாவிடில் அந்த மாணவனுக்கு நாம் நியாயம் செய்தவராக மாட்டோம்.

பிள்ளை கட்டி விளையாடிக் கற்கவேண்டும் என்பதைக் கொள்கையாக நிறுவியவர் ஜேர்மனியரான பிறெட்றிக் புறோபல். 1837 இலே அவர் தொடங்கிய நிலையமே பின்னர் கிண்டர்கார்டின் எனப் பெயர் பெற்றது. சிறு மரக்கட்டைகளை அடுக்கி, பிரித்து, மீண்டும் அடுக்குவதே அங்கு பாடம். 1851 இலே பிரசிய அரசு அந்தப் பள்ளிகளைத் தடைசெய்தது! நாத்திகமும் சமதர்மமும் அவற்றின் வழியே பிள்ளைகளுக்குள் புகுகின்றன என்பது குற்றச்சாட்டு. மரக்கட்டைக்கு அஞ்சிய அரசை எண்ணிச் சிரிப்பதற்கு முன் எமது நாட்டின் கதையையும் பார்க்கவேண்டும்; அதற்குச் சற்றுப் பொறுப்போம்.

1901 இலே லிவர்பூலைச் சேர்ந்த பிராங் ஹோண்பி துளையிட்ட உலோகத் தகடுகளைத் திருகாணியால் இணைக்கும் விளையாட்டுக்கு உரிமம் பெற்றார். மெக்கானோ என்று உலகறிந்த அது, தம் பிள்ளைகளுக்காக அவர் செய்ததிலிருந்து பிறந்தது. 1920 முதல் அவருடைய பொம்மைப் புகையிரதங்களும் விற்பனைக்கு வந்தன. சாம்ராச்சியத்தின் தண்டவாளங்கள் கண்டங்களைச் சுற்றியபோது அவற்றின் குட்டிகள் வாங்கக்கூடியவர் வீட்டுக் கம்பளங்களைச் சுற்றின.

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரிலே ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்றொரு தச்சர் இருந்தார். உலகப் பொருளாதார மந்தம் வீடு கட்டுவோரை இல்லாமற் செய்தது. தச்சருக்கு வேலை போயிற்று. 1932 இலே அவர் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். குறுந்தொகையின் தச்சனுக்கு இல்லாத பெயர் இவருக்குக் கிடைத்தது. இவருடைய நிறுவனமே லெகோ. 1949 இலே அது வெளியிட்ட பிளாஸ்ரிக் கட்டை, இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிலரி பேஜ் என்பவர் முன்னரே செய்து விற்ற கட்டையைப் பார்த்து அமைந்தது. பேஜ் 1957 இலே காலமானார். மறு ஆண்டு, 1958 ஜனவரி 28 அன்று, உள்ளே குழாய் வைத்து இறுகப் பிடிக்கும் திருத்திய கட்டைக்குத் தச்சரின் மகன் உரிமம் கோரினார். இன்று அதே நிறுவனம் தன்னைப் பார்த்துச் செய்வோர்மீது சீனத்திலே வழக்குத் தொடுக்கிறது. உடைமை என்பது எங்கே தொடங்குகிறது என்று மாணவர்க்கு விளக்க இதைவிட எளிய உதாரணம் கிடைப்பது அரிது. 1960 இலே மரப் பொம்மைக் களஞ்சியம் தீப்பற்றியது. தச்சர் குடும்பம் மரத்தைக் கைவிட்டது. 1966 இலே மின்பொறி பூட்டிய கட்டைப் புகையிரதம் வந்தது.

இவ்வளவும் வணிகக் கதை. ஆனால் கட்டையிலே ஒரு மேன்மை உண்டு. அதை மறுப்பது குறுகிய மனம். எட்டுப் புடைப்புள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறினை 91,51,03,765 வகையாக இணைக்கலாம் என்று டென்மார்க்குக் கணித அறிஞர் ஒருவர் கணக்கிட்டிருக்கிறார். 1958 இன் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். குரும்பட்டி வாடும், கட்டை வாடாது. குறை கட்டையிலே இல்லை, பெட்டியிலே இருக்கிறது. தொண்ணூறு கோடிக்கு மேற்பட்ட வழிகளைக் கொண்ட பொருளை ஒரேயொரு படத்தோடும் ஒரேயொரு செய்முறைத் தாளோடும் விற்கிறார்கள். இத்தனையாவது பக்கத்திலே இந்தக் கட்டை என்று தாள் கட்டளையிடுகிறது, பிள்ளை கீழ்ப்படிகிறது. இறுதியில் வருவது படத்திலுள்ள பொருள். அந்தப் படத்தில் எமது ஊர் இல்லை.

இலங்கையிலே 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தபோது வெளிநாட்டுப் பொம்மை அரிதாயிற்று. வெங்காயமும் மிளகாயும் விளைத்த யாழ்ப்பாணத்து விவசாயி நிமிர்ந்தான். 1977 இன் திறந்த பொருளாதாரம் பிளாஸ்ரிக்கை வெள்ளமெனக் கொண்டுவந்தது. இவ்விடயம் பற்றி வாதங்கள் பல உள. வாதம் முடியுமுன் போர் வந்தது.

1985 ஜனவரியிலே யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. படையினரோடு பொதுமக்களும் மாண்டனர். 1990 யூனோடு குடாநாட்டுக்குப் புகையிரதம் நின்றது. இருபத்துநான்கு ஆண்டுகள் அது வரவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் போரிட்டவர்களின் காவலரண்களுக்குக் கூரையாயின. பொதுமக்களின் பதுங்குகுழிகளுக்கும் சில சென்றன. 1988 இலே பிறந்த நாம் தண்டவாளத்தை முதன்முதல் கண்டது பங்கரின் கூரையாகத்தான். இது எதற்கென்று கேட்டபோது, ஷெல் விழுந்தால் தாங்குவதற்கு என்றார்கள். அதன்மேல் வண்டி ஓடும் என்பது பிறகு தெரிந்த செய்தி.

வடக்குக்குச் செல்லக்கூடாத பொருள்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. எரிபொருளும் சீமெந்தும் இரும்பும் மட்டுமல்ல, மின்சூழ் விளக்குக்குப் போடும் பற்றரியும் அதில் இருந்தது. மின்சாரம் அற்ற குடாநாட்டிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் வலுவிலே வானொலிச் செய்தி கேட்டார்கள். மரக்கட்டைக்கு அஞ்சிய பிரசியாவை இனி நாம் தனியே சிரிக்கவேண்டியதில்லை.

எமது அம்மப்பா தென்னிலங்கைச் சுருட்டுக்கடை ஒன்றிலே இளமை முழுவதும் சாமான் கட்டியவர். இரவிலே அவர் சொன்ன கதைகள் அரசரைப் பற்றியன அல்ல, கோச்சியைப் பற்றியன. அக்கதைகளைக் கேட்டு ஐந்தாறு வயதிலே நாம் ஒரு கோச்சி செய்தோம். மூன்று மீன்ரின், முன் ரின்னிலே கம்பியை வளைத்து ஒரு வட்டம். அவர் வாங்கிப் பார்த்தார்.

“இதென்னடா தம்பி?”

“ஸ்ரேறிங்.”

அவர் சிரித்த சிரிப்பை இன்றும் மறக்கவில்லை. “கோச்சிக்கு ஏதடா ஸ்ரேறிங்? தண்டவாளம் எங்கை போகுதோ அங்கைதான் அதுவும் போகும்” என்றார். மாட்டு வண்டிலும் சைக்கிளும் உழவு இயந்திரமும் மட்டுமே கண்ட பிள்ளைக்கு, திருப்பாமல் தானே திரும்பும் வண்டி விளங்கவில்லை. மறுநாள் அவர் பால்மா ரின் மூடிகளைத் தேடி எடுத்து வந்தார். அந்த மூடியின் ஒரு பகுதி ரின்னுக்குள் இறங்கும். அதைவிடச் சற்றுப் பெரிய விளிம்பு வெளியே நிற்கும். உள்ளிறங்கும் பகுதி தண்டவாளத்தின்மீது உருளும், பெரிய விளிம்பு தண்டவாளத்தின் உட்பக்கமாகத் தொங்கி வண்டியை வெளியே சரியவிடாது என்று விளக்கி, இரண்டு பனஞ்சிலாகைகளை வளைவாகப் பதித்து உருட்டிக் காட்டினார். வண்டி வளைந்து போயிற்று. நாம் கற்ற முதலாவது இயந்திரவியற் பாடம் அது. ஆசிரியர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அம்மா பையிலிருந்து கோச்சியை எடுத்து வெளியே வைத்தார். அரிசிக்கு இடம் வேண்டியிருந்தது. மறு ஆண்டு திரும்பியபோது வீட்டின் சுவர்கள் இருந்தன, கோச்சி இருக்கவில்லை, சாவகச்சேரியிலே இறந்துபோன அம்மப்பாவும் இல்லை. உண்மையான புகையிரதத்தை வவுனியாவிலே நாம் கண்டபோது இருபது வயது கடந்திருந்தது. முதலிற் குனிந்து பார்த்தது சில்லைத்தான்.

இந்தியக் கடனுதவியோடு பாதை மீளமைக்கப்பட்டு, 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது. ஊர் திரண்டு சென்று பார்த்தது. முதியோர் அழுதனர், பிள்ளைகள் கைப்பேசியிலே படமெடுத்தனர். எல்லாரும் மகிழ்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நாமும் அவ்வாறே எண்ணினோம்.

இனி அந்த இரண்டு புள்ளிகளுக்கு வருவோம். மாணவியின் நிலையத்திலே தண்டவாளத்தை ஒட்டித் தீப்பெட்டியாற் செய்து ஓலை வேய்ந்த ஒரு சிறு பெட்டி இருந்தது. “இது என்ன பிள்ளை, கடையா?” என்று கேட்டோம். “வீடு, சேர்” என்றாள். தண்டவாளத்துக்கு இவ்வளவு கிட்ட வீடு இருக்க முடியாதே என்றார் சக நடுவர். அவள் பதில் சொல்லவில்லை. நாமும் தலையசைத்துவிட்டுத் துல்லியம் என்ற பிரிவிலே இரண்டு புள்ளிகளைக் குறைத்தோம்.

சில மாதங்களின் பின்னர் வேறு காரியமாக அவள் வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. தாயார் தேநீர் தந்தார். 1990 இலே வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காணிக்குத் திரும்ப வழியில்லை. வாடகைக்கும் வசதியில்லை. வண்டி ஓடாத பாதையின் ஓரத்திலே, பலரைப் போல, அவர்களும் ஒரு கொட்டில் போட்டார்கள். மண் மேடாதலால் மாரியிலே வெள்ளம் ஏறாது என்பது ஒரு வசதி. தாயார் அங்கே வளர்ந்து, அங்கே மணமுடித்து, மகளைப் பெற்றார். பாதை மீண்டும் வரப்போகிறதென்றதும் எழும்பச் சொன்னார்கள்; எழும்பினார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளுக்கு அந்த வீடு ஞாபகத்தில் இருக்க முடியாது. “நான் சொல்லிச் சொல்லித்தான் செய்தவள்” என்றார் தாயார்.

ரின் மூடிகள் தம்பியின் வண்டிலுக்குப் போய்விட்டன. நிலையத்தின் கூரை அடுப்படியிலே கிடந்தது. தீப்பெட்டி வீட்டை மட்டும் மாணவி யன்னற் கட்டில் வைத்திருந்தாள். தாயார் எம்மை அழைத்துச் சென்று பழைய இடத்தைக் காட்டினார். கொட்டில் நின்ற இடத்திலே இப்போது சல்லிக்கற்கள். அடுப்புக்கு நட்ட முருங்கை வேலிக்கப்பால் நின்றது. அங்கிருந்து தண்டவாளம் வரை நடந்து பார்த்தோம். ஆறு அடிகள். அவளுடைய மாதிரியிலே தண்டவாளத்தின் அகலத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், வீட்டுக்கு விட்டிருந்த இடைவெளி சரியாகவே இருந்தது.